நைனாவுக்குக் கோடு இல்லை

எங்கள் பக்கம் வீட்டைக் கட்டிக் குடிபோன பிறகுதான் பிளான் வரைவார்கள். பஞ்சாயத்தில் யாராவது கேட்டால் சித்தூருக்குப் போய், ஒரு ஆளைப் பிடித்து, ஏற்கெனவே நிற்கிற சுவருக்கெல்லாம் கோடு போட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள். படித்த திமிரில் ஊரைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். பதினோரு வருடமாக நான் செய்ததும் அதே வேலைதான் என்பது, மேனேஜர் என் மேசைக்கு வந்து கிளாஸ் டயகிராம் கேட்ட அன்றுதான் உறைத்தது.

எங்கள் அலுவலகம் திருப்பதியில், ரேணிகுண்டா போகிற சாலையில், ஒரு எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது. கிராமம் கிராமமாகப் பால் வாங்குகிற ஒரு கம்பெனிக்கு நாங்கள் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தோம். காலையில் பால் சென்டரில் யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள், அதில் ஃபேட் எவ்வளவு என்பதை அந்தப் புரோகிராம்தான் பதிந்துகொள்ளும். ஆரம்பத்தில் மூன்று பேர் எழுதினோம். மற்ற இருவரும் பெங்களூருக்குப் பறந்துவிட்டார்கள். நான் மிஞ்சினேன். குடிபாலா பக்கத்து ஊரிலிருந்து எம்.சி.ஏ. வரை வந்ததே பெரிது, இனி எங்கே பறப்பது என்று இருந்துவிட்டேன்.

மேனேஜர் அன்று நயமாகத்தான் பேசினார். தெலுங்கில் ஆரம்பித்து, சங்கடமான இடம் வந்ததும் இங்கிலீஷுக்குத் தாவினார். அவர் எப்போதும் அப்படித்தான். பால் கம்பெனி இனிமேல் புனேயில் இருக்கிற ஒரு பெரிய நிறுவனத்திடம் புரோகிராமைக் கொடுக்கப்போகிறதாம். அவர்கள் வந்து பார்ப்பதற்கு முன்னால் முழு அமைப்பையும் படமாகப் போட்டு வைக்க வேண்டுமாம். அது முடிந்த பிறகு நான் என்ன செய்வது என்று கேட்டேன். பார்க்கலாம் அம்மா என்றார். பதினோரு வருடத்தில் அவர் பார்க்கலாம் என்று சொல்லி எதையும் பார்த்ததில்லை.

கிளாஸ் என்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புரோகிராமுக்குள் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு பகுதி இருக்கும். எடை பார்க்க ஒன்று, ஃபேட் வாங்க ஒன்று, பால் ஊற்றுகிறவரின் விவரம் வைக்க ஒன்று. அதுதான் கிளாஸ். டயகிராமில் அது ஒரு பெட்டி. மேலே பெயர், நடுவில் அதனிடம் இருப்பவை, கீழே அது செய்கிற வேலைகள். எது எதைப் பயன்படுத்துகிறது என்பதைக் காட்டப் பெட்டிக்குப் பெட்டி கோடு போகும். முறைப்படி முதலில் இந்தப் படத்தைப் போட்டுவிட்டுத்தான் புரோகிராம் எழுத வேண்டும். நாங்கள் யாருமே போடவில்லை. எல்லாம் என் தலைக்குள் இருந்தது. இத்தனை வருடம் என்னை வேலையில் வைத்திருந்ததும் அதுதான்.

இப்போது எழுதிய புரோகிராமை அப்படியே கொடுத்தால் படம் போட்டுத் தருகிற கருவிகள் இருக்கின்றன. ஒன்றை இறக்கி, எங்கள் புரோகிராம் இருந்த ஃபோல்டரைக் காட்டினேன். காபி குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிட்டது. நான் சண்டை போட்டது, அழுதது, காய்ச்சலோடு வந்து உட்கார்ந்து எழுதியது எல்லாவற்றையும் ஒரு காபி நேரத்தில் படித்து முடித்துவிட்டது. எனக்கு அந்தக் கருவியின் மேல் பொறாமையே வந்தது.

முதலில் வந்த படத்தைப் பார்த்து மேனேஜர் பயந்துபோனார். முந்நூறுக்கும் மேற்பட்ட பெட்டிகள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுவில் கறுப்பாக அப்பிக்கொண்டிருந்தன. அதைச் சீர்செய்ய எனக்கு ஒரு வாரம் பிடித்தது. வெளியிலிருந்து வாங்கிப் போட்ட பகுதிகளையெல்லாம் மறைத்தேன். பெட்டிக்குள் இருந்த சில்லறை விவரங்களைச் சுருக்கினேன். எடை சம்பந்தப்பட்டவை ஒரு பக்கம், ஃபேட் சம்பந்தப்பட்டவை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தேன். பிரிக்கப் பிரிக்க, என் மண்டைக்குள் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கிறேன் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டால் மண்டை எதற்கு? மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கக்கூட மனமில்லாமல் அப்படியே மூடிக்கொண்டு போன நாட்கள் அவை.

ஐந்தாம் நாள்தான் அதைக் கவனித்தேன். வலது பக்கம், கீழ் மூலையில் ஒரு பெட்டி தனியாக நின்றது. அதிலிருந்து ஒரு கோடும் போகவில்லை. அதற்கு ஒரு கோடும் வரவில்லை. பெயரைப் பார்த்தேன். நைனா என்று இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது.

எங்கள் பக்கம் நைனா என்றால் அப்பா. அந்தப் பெயரை வைத்தவள் நான்தான்.

கம்பெனியில் ஒரு விதி இருந்தது. ஒரு லிட்டருக்குக் குறைந்தால் பால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் தெருவில் எல்லாம் போன தலைமுறை வரை கூலிக்குப் போன வீடுகள். இப்போது கொஞ்சம் மேட்டு நிலம், வீட்டுக்கு ஒரு மாடு. அதுவும் சின்ன நாட்டு மாடு. ஒரு வேளைக்கு முக்கால் லிட்டர் கறந்தால் அதிகம். அதனால் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரே கேனில் ஊற்றிக்கொண்டு போவார்கள். யார் பால் எவ்வளவு என்று தினமும் சண்டை வரும். என் நைனாவும் அந்தச் சண்டையில் ஒரு ஆள். இதற்காகவே ஒரு கிளாஸ் எழுதினேன். சேர்ந்து ஊற்றினாலும் அவரவர் பாலை அவரவர் பெயரில் அது பிரித்து வைக்கும். சோதித்துப் பார்க்க அவர் பாலைத்தான் கணக்காக வைத்தேன் என்பதால் தற்காலிகமாக நைனா என்று பெயர் வைத்தேன். அப்புறம் மாற்ற மனசு வரவில்லை. சென்டர் மிஷினில் அந்தப் பெயரிலேயே ஒரு பட்டன் வந்தது. தமிழ்நாட்டு எல்லையோரத்து ஊர்களில் அதை நைனா பட்டன் என்றே சொன்னார்கள். என் நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மிஷினுக்குள் என் பெயர் இருக்கிறது என்று குடிபாலா சந்தை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

அப்படியிருக்க அதற்கு ஏன் கோடு இல்லை? காரணம் எனக்குத் தெரியும். எல்லா சென்டருக்கும் அது தேவைப்படாது. அதனால் புரோகிராமுக்குள் எங்கேயும் அதை நேராகக் கூப்பிடவில்லை. தேவைப்பட்ட சென்டரில் மட்டும் ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் அதன் பெயரை எழுதி வைத்திருப்பேன். காலையில் மிஷினைப் போட்டதும் புரோகிராம் அந்த ஃபைலைப் படித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும். படம் போடுகிற கருவிக்குப் புரோகிராமை மட்டும்தான் படிக்கத் தெரியும். ஒரு மூலையில் எழுதி வைத்த பெயரை வைத்துக்கொண்டு ஓடும்போது யாரை யார் கூப்பிடுவார்கள் என்பதை அது எப்படி அறியும்? அதன் கணக்கில் நைனா யாருக்கும் தேவையில்லை.

கையால் ஒரு கோடு போடலாம். சின்ன வேலை. புள்ளிக் கோடாக ஒன்றை இழுத்து, பக்கத்தில் இரண்டு வரி எழுதினால் போதும். மவுஸைக் கொண்டுபோய் அந்தப் பெட்டியின் மேல் வைத்தும்விட்டேன்.

பிறகு எடுத்துவிட்டேன். புனேக்காரர்கள் இதைக் கவனிக்க மாட்டார்கள். யாருக்கும் வேண்டாத பெட்டி என்று எடுத்துவிடுவார்கள், புரோகிராம் நின்றுபோகும், என்னவென்று யாருக்கும் புரியாது. அப்போது என்னைத்தானே கூப்பிட வேண்டும்? வேலை போகப்போகிற ஒருத்தியின் புத்தி வேறு எப்படிப் போகும். இதைத் துரோகம் என்று அன்றைக்கு நினைக்கவில்லை. கைக்காவல் என்று நினைத்தேன்.

அலுவலகத்து பிரின்டரில் சின்னத் தாள்தான் போகும். தாள்களை ஒட்டிப் பார்த்தோம். ஒட்டிய இடத்திலெல்லாம் கோடு நகர்ந்தது. ஃப்ளெக்ஸில் அடித்துச் சுவரில் மாட்டிவிடலாம் என்று மேனேஜர் சொன்னார். திருப்பதியில் ஃப்ளெக்ஸ் கடைக்கா பஞ்சம். பெயர் சூட்டு விழா, பூப்பு நீராட்டு, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே மிஷினில்தான் வந்து விழும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் பென் டிரைவோடு போனேன்.

கடைக்காரர் நகரிப் பக்கத்துக்காரர். எங்களை மாதிரியே பாதி தமிழ், பாதி தெலுங்கு. படத்தைத் திரையில் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்தார். போட்டோ எங்கே வரும் என்று கேட்டார். போட்டோ கிடையாது என்றேன். சாமி படமாவது மேலே வைக்கலாமே என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். பெட்டிகளையும் கோடுகளையும் பெரிதாக்கி, நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டே வந்தவர் மூலைக்கு வந்ததும் நின்றார்.

"இன்னா மேடம், வம்ச விருட்சமா இது?"

அந்த மாதிரிதான் என்று சொல்லி வைத்தேன். விளக்கிக்கொண்டிருக்கத் தெம்பில்லை.

"எல்லாத்துக்கும் கோடு கீது. நைனாவ மட்டும் ஓரமா உட்டுட்டீங்களே. நைனா இல்லாம வம்சம் எங்கேர்ந்து வரும்? ஒரு கோடு இஸ்துடட்டுமா? ஒரு நிமிசம் வேலை, சும்மாவே போட்டுத் தரேன்."

அவர் கை மவுஸின் மேல் தயாராக இருந்தது. சொந்தக்காரர்கள் யாரோ தப்பைக் கண்டுபிடித்துவிட்டு, கௌரவமாகச் சரிசெய்துகொள்ள வழி விடுகிற மாதிரி இருந்தது. ஆமாம், மறந்துவிட்டேன், போடுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

"வேணாம். அது அப்டியே இருக்கட்டும்," என்றேன்.

குடும்பத்தில் ஏதோ தகராறு என்று நினைத்துக்கொண்டார் போல. அதற்கு மேல் கேட்கவில்லை. ஃப்ளெக்ஸ் மிஷினிலிருந்து இறங்கி வரும்போது மட்டும், எதிரே மாட்டியிருந்த ஒரு அஞ்சலி பேனரைப் பார்த்துக்கொண்டே, இருக்கும்போது தெரியாது மேடம் என்று பொதுவாகச் சொன்னார். சுருட்டி வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறினேன். மொட்டை போட்ட ஒரு குடும்பம் என்னோடு ஷேரில் வந்தது. சந்தனம் பூசிய தலைகளுக்கு நடுவில் அந்தச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு, அழுகை வருகிற மாதிரி இருந்ததால் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

புனேயிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைமை தாங்கியவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். கெட்டிக்காரி. மரியாதையாகப் பேசினாள். அவளை வெறுக்க முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சுவரில் இருந்த ஃப்ளெக்ஸை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே வந்து, சரியான கேள்விகளாகக் கேட்டாள். நானும் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். மத்தியானத்துக்குள் பதினோரு வருடம் அவள் லேப்டாப்புக்குப் போய்விட்டது.

கடைசியில் அந்த மூலைக்கு வந்தாள். பெயரைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அவர்கள் பக்கத்தில் நைனா என்பது பெண் பெயராம். அவளுடைய சித்தி பெண்ணுக்கே அந்தப் பெயர்தானாம். யார் இந்த நைனா, எழுதியவரின் காதலியா என்று இங்கிலீஷில் கேட்டாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் மேனேஜரும் சிரித்தார். அவர் ஊரிலும் அப்பாவை நாயனா என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. அவருக்குத் தெரியும். ஆனாலும் விருந்தாளி சிரிக்கும்போது சிரிப்பதுதான் மேனேஜர் வேலை.

நானும் சிரித்தேன்.

"நோபடி," என்றேன். "ஜஸ்ட் ஓல்டு டெஸ்டிங்."

அவள் தலையாட்டி, லேப்டாப்பில் எதையோ தட்டிக் குறித்துக்கொண்டாள். பிறகு, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மாதக் கடைசியில் என்னை அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் ஒரு சால்வை போர்த்தினார். சுவரில் இருந்த ஃப்ளெக்ஸை என்ன செய்வது என்று அலுவலக உதவியாளர் கேட்டபோது நானே கழற்றி எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை ஊருக்குப் போனபோது அதை நைனா பார்த்தார். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. அவரும் அந்த மாடும் மட்டும்தான் அங்கே. என்னோடு திருப்பதிக்கு வந்துவிடு என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். மாட்டை யார் பார்ப்பார்கள் என்பதுதான் எப்போதும் பதில். ஃப்ளெக்ஸை விரித்து, தட்டிப் பார்த்து, நல்ல கெட்டி என்றார். மாட்டுக் கொட்டாய் மேல் ஓலை கிழிந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் மேலே கட்டிவிட்டார். எழுத்துப் பக்கம் உள்ளே பார்க்க. பிளாஸ்டிக் எப்படியும் வெயில் படுகிற பக்கம்தான் சீக்கிரம் வெளுக்குமாம், எழுத்து வீணாகக் கூடாது என்று சொன்னார். மாடு படுத்தபடி என் கிளாஸ் டயகிராமைப் பார்த்துக்கொண்டு அசைபோட்டது. புனேக்காரிக்கு அடுத்து அதை முழுசாகப் பார்த்தது அதுதான்.

ரேணிகுண்டாவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் ரூம் சாமான் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை கிடைத்தது. எட்டு மணி நேரமும் நட்டு, போல்ட், பேரிங். போனை எப்போதும் சத்தமாக வைத்திருந்தேன். எந்தப் புது நம்பர் வந்தாலும் புனேதான் என்று முதல் மணியிலேயே எடுப்பேன். புது வெர்ஷன் எல்லா சென்டருக்கும் போய்விட்டது என்று பழைய அலுவலகத்துப் பெண் ஒருத்தி சொன்னாள். அப்படியானால் இன்றோ நாளையோ நின்றுபோகும், கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். லோன் கொடுக்கிறவர்கள் மட்டும் கூப்பிட்டார்கள்.

ஏன் நிற்கவில்லை என்பது ஒரு நாள் பேரிங் எண்ணிக்கொண்டிருக்கும்போது சட்டென்று ஞாபகம் வந்தது. கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கிளாஸை எழுதிய போதே, ஒருவேளை அந்தப் பெயரில் ஒன்று கிடைக்காவிட்டால் சத்தம் போடாமல் தாண்டிப் போ என்று நானே எழுதி வைத்திருந்தேன். காலையில் ஜனம் கேனோடு வரிசையில் நிற்கும்போது மிஷின் நின்றுவிடக் கூடாது என்ற அக்கறையில் எழுதியது. நல்ல வேலை. நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். நைனா இல்லாமலேயே மிஷின் ஓடும். பட்டன் மட்டும் காணாமல் போகும். புனேயில் ஒரு மணியும் அடிக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சித்தூர் பஸ் பிடித்து, அங்கிருந்து ஊருக்குப் போனேன். நைனா அடுப்படியில் ஒரு குண்டான் பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். காலையில் கறந்தது அத்தனையும் வீட்டிலேயே இருந்தது.

"மிசின்ல நைனாவைக் காணோமாம் பாப்பா," என்றார். பால் பொங்காமல் கரண்டியால் கலக்கிக்கொண்டே சொன்னார். "ஒரு லிட்டருக்குக் கம்மின்னா எட்த்துக்காதாம். ரெண்டு ஊட்டுப் பால் சேர்த்து ஊத்துனா ஒரு பேருதான் போடுவாங்களாம். பக்கத்தூட்டுக்காரி சண்டைக்கு வந்துட்டா. எதுக்கு வம்புன்னு நானே தூக்கினு வந்துட்டேன்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். அவர் சொன்ன கணக்குப்படி, புது வெர்ஷன் சென்டருக்கு வந்த அந்த வாரத்திலிருந்தே. எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். புது வேலையில் இருக்கிற பெண்ணுக்கு எதற்குத் தொந்தரவு என்று நினைத்தாராம். சென்டர்க்காரர் கம்பெனிக்குப் புகார் கொடுக்கவில்லையா என்றேன். இந்த அரை லிட்டர் ஆட்களுக்காகவா அவர் போன் போடப்போகிறார் என்று சிரித்தார். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். வேண்டாம் என்று சொன்னால் கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுவார்கள். வேண்டாம் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகள். இவர்கள் போட்டுடைத்துச் சத்தம் போடுவார்கள், அந்தச் சத்தத்தில் எனக்கு வேலை திரும்பி வரும் என்று நான் கணக்குப் போட்டிருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து புனேப் பெண்ணுக்கு மெயில் எழுதினேன். நைனா என்ற கிளாஸ் பழைய சோதனை அல்ல, அது இன்ன வேலை செய்கிறது, இன்ன ஃபைலில் அதன் பெயர் இருக்கும், தயவுசெய்து திரும்பப் போடுங்கள் என்று விவரமாக எழுதினேன். நான் பொய் சொன்னேன் என்பதை மட்டும் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினேன். அதிலும் ஒரு பொய்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தாள். ஆனால் நீங்கள் கொடுத்த டயகிராம்படி அதை எதுவும் பயன்படுத்தவில்லையே, அதனால்தான் நீக்கினோம் என்று எழுதியிருந்தாள். சென்டர்களிலிருந்து முறையான கோரிக்கை ஏதாவது வந்தால் அடுத்த வெர்ஷனில் பரிசீலிப்பார்களாம். கீழே என்னுடைய டயகிராமையே இணைத்திருந்தாள். மூலையில் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கூடவே, தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று நான் கையெழுத்துப் போட்ட தாள்.

சென்டர்க்காரருக்குப் போன் போட்டு, ஒரு கோரிக்கை அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். செய்கிறேன் அம்மா, செய்கிறேன் என்றார். அவரும் பார்க்கலாம் ரகம்தான். நானே எல்லார் பெயரிலும் எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு வேலை நாளில் கம்பெனி ஆபீசில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று முடிவு செய்து, அதற்கு லீவு கேட்டு, லீவு கிடைக்க மூன்று வாரம் ஆகிவிட்டது.

போய்ச் சேரும்போது நைனா கொட்டாய் மேல் ஏறி ஃப்ளெக்ஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கீழே முளைக்குச்சி இருந்தது. கயிறு இருந்தது. சாணி காய்ந்து கிடந்தது. மாடு இல்லை.

அவராகத்தான் சொன்னார். ஒரு ஆள் ஒரு நாளைக்கு எவ்வளவு பால்தான் குடிக்க முடியும் என்றார். குடுபல்லிப் பக்கத்து ஆள் ஒருவன் பிடித்துக்கொண்டு போனானாம். மாடு தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். இறங்கி வந்து, ஃப்ளெக்ஸைத் தரையில் விரித்து, ஈரத் துணியால் எழுத்துப் பக்கத்தைத் துடைத்தார். மூலையில் இருந்த அந்தப் பெட்டியையும் துடைத்தார். இங்கிலீஷ் எழுத்து அவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் துடைத்த மாதிரியே அதையும் துடைத்தார். பிறகு எழுத்து உள்ளே போகிற மாதிரி மடித்து என்னிடம் கொடுத்தார்.

"மாடு இல்லாத கொட்டாய்க்கு எதுக்கு இது. நீ கஷ்டப்பட்டு செஞ்சது, எட்த்துகினு போ." என் முகம் போன போக்கைப் பார்த்தாரோ என்னவோ, அவரே மேலும் சொன்னார். "உன் மேல இன்னா தப்பு பாப்பா. இது வேற ஆளுங்க மிசினு. உன்னுது இருந்த வரிக்கும் ஒரு நாளாச்சும் நம்மள வேணான்னு சொல்லிச்சா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"துன்னியா நைனா?" என்றுதான் வந்தது.

நீ வரட்டும் என்று இருந்தேன் என்றார். உள்ளே போய் உட்கார்ந்தோம். நான் எழுதி எடுத்துப் போயிருந்த கோரிக்கைத் தாள் பைக்குள்ளேயே இருந்தது. எனக்கு நினைவு தெரிந்து அந்த வீட்டில் தயிருக்குக் கடைக்குப் போனதில்லை. சோற்றைப் போட்டுவிட்டு நைனா அலமாரியிலிருந்து ஒரு தயிர் பாக்கெட்டை எடுத்து, முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, முதலில் என் தட்டில் ஊற்றினார். பாக்கெட்டின் மேல் அந்தப் பால் கம்பெனியின் பெயர் இருந்தது.